வெர்டீனும் இரண்டு முதலைகளும்

ஐசம் கெயிலார்ட் டாபி தீவை விட்டுப் போனது ஜூலை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. மழையே இல்லாமல் காய்ந்து கிடந்த வருஷம் அது. அவன் மனைவி வெர்டீன் துறையில் நின்றாள், கையில் மீன்தலைகள் நிறைந்த இரை வாளியோடு. வழியனுப்ப வந்தவளாகத் தெரியவில்லை. வேலைக்கு நடுவில் யாரோ கூப்பிட்டு நிறுத்தியது போலிருந்தாள்.

"கடைசியா கேக்குறேன். வர்றியா, இல்லையா?"

"கடைசியா சொல்றேன். இல்ல."

ஜாக்சன்வில் கப்பல் பட்டறையில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. அந்த ஊர் அவளுக்குப் புதிதல்ல. கல்யாணமான புதிதில் ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே ஒரு சலவைக்கூடத்தில் அடுத்தவர் படுக்கை விரிப்புகளைத் தேய்த்திருக்கிறாள். அங்கிருந்த ஒரே ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது இன்னொரு சுவர். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே, இனி இங்கே வருவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். ஐசமிடம் அதைச் சொல்ல வேண்டிய தேவை இத்தனை வருஷம் வரவில்லை, அவ்வளவுதான்.

"இங்க ஒண்டியா இருந்து என்ன கிழிக்கப் போறா?" என்றான் ஐசமின் தம்பி லீலண்ட். அண்ணன் போனால் படகும் நண்டுக் கூண்டுகளும் தனக்குத்தான் என்று அவன் ஏற்கெனவே துறையில் இடம் ஒதுக்கிவைத்திருந்தான்.

"நண்டு புடிப்பேன்."

துறையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இரை வைக்கவும் நண்டு தரம் பிரிக்கவும் அவளைவிட விரைவான கை தீவில் இல்லை, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சுக்கானை ஐசம் ஒருநாளும் அவள் கையில் கொடுத்ததில்லை, அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

வெர்டீன் வாளியைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. முதல் பனி விழுறன்னைக்கு இந்தக் கூண்டுல பாதியாவது தண்ணியில இருக்கணும். இல்லன்னா படகு லீலண்டுக்கு. நானே பெட்டியத் தூக்கிக்கிட்டு ஜாக்சன்வில் வந்து நிக்கிறேன்."

"பாதி இருந்தா?" என்று ஐசம் கேட்டான்.

"படகு என்னுது. இந்த உப்பங்கழியும் என்னுது. நீ வந்தா விருந்தாளியா வா, சோறு போடுறேன்."

அந்தத் தீவில் துறையில் நாலு பேர் காதுபடச் சொன்ன சொல்லுக்கு மேல் கையெழுத்து கிடையாது. ஐசம் அக்கரைக்குப் போகும் படகில் ஏறி, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அந்தப் படகு வளைவைத் தாண்டி மறைந்ததுமே, சிப்பித் திட்டில் வேலை செய்துகொண்டிருந்த அவன் அக்கா ஒடெஸ்ஸா முழங்கால்வரை சேற்றோடு ஓடிவந்தாள்.

"டீல் கழியில முதல கெடக்கு. என் கண்ணால பார்த்தேன்."

எல்லோரும் வளைவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்பத்தான போனான்," என்றார் ஒரு கிழவர். "அதுக்குள்ளயா நீந்தி வந்துட்டான்?"

அந்தச் சிரிப்பு அடங்கப் பல மாதம் ஆயிற்று. டாபி தீவில் எல்லோருக்கும் இரண்டு பெயர். ஒன்று ஞானஸ்நானத்தில் வைப்பது, அது பாதிரியாருக்கும் தபால்காரருக்கும். மற்றொன்று கூடைப் பெயர். குழந்தை கூடையில் கிடக்கும்போதே வீட்டார் வைப்பது, கல்லறைவரை கூப்பிட அதுதான். ஐசம் பிறக்கும்போதே இரண்டு பல்லோடு பிறந்தான், அதனால் அவனுக்கு முதலை என்று பேர். அவனுடைய சர்ச் பெயர் ஐசம் என்பது கூடப் படித்தவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது.

ஒரு முதலை போன அன்றே இன்னொன்று வந்தால் ஊர் சும்மா இருக்குமா?

நிஜ முதலை வந்ததற்குக் காரணம் இருந்தது. தீவின் நடுவில் இருந்த நன்னீர்க் குளம் அந்த வெயிலில் வற்றிச் சேறாகிவிட்டது. தோலுக்காக முதலைகளைச் சுட்டுத் தள்ளிய காலம் போய், தடைச் சட்டம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. குளத்தில் அவை பெருத்திருந்தன. இடம் போதாத ஒன்று உப்பங்கழிக்கு இறங்கியிருந்தது. முதலில் அதைக் கட்டை என்றார்கள். கட்டை நீரோட்டத்துக்கு எதிரே போனதைப் பாதிரியாரின் மனைவி பார்த்த பிறகு யாரும் அப்படிச் சொல்லவில்லை. தபால்காரர் இரண்டு கண்களை மட்டும் பார்த்தார். சேற்றுக் கரையில் அது வாயைத் திறந்து வெயில் காய்ந்ததை ஒடெஸ்ஸா மறுபடி பார்த்தாள். ஒவ்வொருவர் பார்வையிலும் அது ஒரு முழம் வளர்ந்தது. ஆனால் எல்லோரும் அதை ஒரே மாதிரி 'அவன்' என்றே சொன்னார்கள்.

"மதினி, உங்க ஆளு இன்னைக்கு மேட்டுல படுத்துக் கெடக்கான்," என்பான் லீலண்ட், துறையில் அவளைக் கடக்கும்போது. "போர்வை எதும் குடுத்து விடட்டுமா?"

"குடுத்து விடு. அப்படியே நீயும் பக்கத்துல படுத்துக்க. தம்பிதான, ஒண்ணும் செய்யமாட்டான்."

வெர்டீனுக்கும் அந்த 'அவன்' நாக்கில் ஒட்டிக்கொண்டது. அதன் விலை பின்னால் தெரிந்தது.

படகு ஓட்டுவது அவள் நினைத்ததைவிட எளிதாக வந்தது. கூண்டு தூக்குவதுதான் கொன்றது. கம்பிக் கூண்டு, அதில் ஒட்டிய சேறு, சிப்பி, நண்டு எல்லாம் சேர்த்து ஒரு ஆண்பிள்ளை இடுப்பை முறிக்கும் கனம். கயிறு உள்ளங்கையைத் தின்றது. உப்பு அந்தப் புண்ணில் இறங்கியது. சாயங்காலம் கரண்டியைப் பிடிக்க விரல் மடங்காமல், வெண்டைக்காய்க் குழம்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தாள். முதல் வாரம் அழுகை வந்தது. அடுத்த வாரம் அழ நேரம் இல்லை.

கை காய்த்துப்போன சமயத்தில் முதலை கூண்டுகளைக் கண்டுபிடித்தது. உள்ளே கிடக்கும் நண்டு சும்மா கிடைக்கிற சோறு என்று அதற்குப் புரிந்துவிட்டது. கடித்து நசுக்கி, உலுக்கி, நண்டைத் தின்றுவிட்டுக் கம்பியைத் துப்பியது. சில கூண்டுகளை மிதவையோடு இழுத்துக்கொண்டு போய்ப் புல்லுக்குள் விட்டது. காலையில் அவள் போனால் நேற்று மிதவை இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருக்கும். அவள் நசுங்கிய கூண்டுகளை வீட்டு முற்றத்தில் போட்டு, உட்கார்ந்து, சுத்தியலால் தட்டி நிமிர்த்தினாள். அந்தச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது.

லீலண்ட் வேலியில் சாய்ந்து நின்றான்.

"நான் ஒரு தோட்டாவுல முடிச்சுடுறேன் மதினி. யாருக்கும் தெரியாது."

"அப்புறம் பனிக் காலத்துல, 'நான் சுடலன்னா உனக்கேது கூண்டு'ன்னு வந்து நிப்ப."

நியாயமாகத்தான் பட்டது அவனுக்கும்.

"அவன அவன் பாட்டுக்கு விடு," என்றாள் வெர்டீன். "என் கூண்ட நான் பார்த்துக்குறேன்."

அவள் இரண்டு காரியம் செய்தாள். இந்த ஜாதி முதலையால் உப்புத் தண்ணீரில் நாள் கணக்கில் கிடக்க முடியாது. குடிக்கக் குளத்துக்குத் திரும்பியாக வேண்டும். அதனால் குளத்துக்கு அருகே உள்ள உள்கழியை விட்டுவிட்டு, கடலைப் பார்த்த கழிமுகத்துக்குக் கூண்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். அலை அதிகம், படகு சின்னது, ஆனாலும் போனாள். அடுத்து, கூண்டுகளைத் தனித்தனியே விடாமல் எல்லாவற்றையும் ஒரே நீளத் தடித்த கயிற்றில் கோத்தாள். தாய்க்கயிற்றிலிருந்து ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு குட்டிக்கயிறு. ஒன்றை இழுத்தால் மொத்தமும் கனக்கும், எந்த முதலையாலும் கொண்டுபோக முடியாது. டாபி தீவில் யாரும் அப்படிக் கட்டியதில்லை. மாலை கட்டுகிறாள் என்று சிரித்தார்கள். ஆனால் செப்டம்பர் முழுக்க அவள் கூண்டு எதுவும் தொலையவில்லை. அக்கரையில் நண்டு எடுக்கிற வியாபாரி, "ஐசம் நல்லா புடிக்கிறான்," என்று சொல்லியனுப்பினார். அவள் திருத்தவில்லை.

அக்டோபரில் மழை கொட்டியது. ஒரு வருஷத்து மழை மூன்று நாளில் பெய்த மாதிரி. மழை விட்ட காலையில் வெர்டீன் கழிமுகத்துக்குப் போனாள். கடல்நீர் வடியும் வற்றம் தொடங்கியிருந்தது. தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. காட்டிலிருந்து இறங்கிய நன்னீர் உப்புநீருக்கு மேல் படலமாக மிதந்து, கடல்வரை நீண்டிருந்தது. முதலையால் அதைக் குடித்தபடியே கழிமுகம்வரை வர முடியும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தாள். இரண்டு கூண்டு ஏறின. மூன்றாவது ஏறவில்லை. எதிர்ப்பக்கமிருந்து யாரோ இழுத்தார்கள்.

படகு சாய்ந்தது. தண்ணீருக்கு மேலே வந்தது ஒரு கூண்டு, அதற்குள் பாதி மாட்டிய ஒரு கீழ்த்தாடை, அதற்குப் பின்னால் படகளவுக்கு நீண்ட உடம்பு. நண்டு நுழையும் வாய்க்குள் தாடையைக் கொடுத்து, அது எடுக்க முடியாமல் சுழன்றது. சுழன்ற சுழற்சியில் தாய்க்கயிறு தண்ணீருக்குள் சுற்றும் இயந்திரச் சுழலியில் சிக்கியது. இயந்திரம் இருமிவிட்டு நின்றது. வற்றும் நீர் படகை இழுத்துக்கொண்டு போய்ச் சிப்பித் திட்டில் உட்காரவைத்தது.

வெர்டீன் கயிற்றைப் படகின் மூக்கில் கயிறு கட்டும் முளையில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். பிறகு ரேடியோவை எடுத்தாள். தீவில் அப்போது டெலிபோன் இல்லை. எல்லாச் சமையலறையிலும் எல்லாப் படகிலும் ஒரு பேசும் ரேடியோ இருக்கும், ஒருவர் பேசினால் ஊருக்கே கேட்கும்.

"வெர்டீன் பேசுறேன். முதல வந்துட்டான். கழிமுகத்துல இருக்கேன். யாராவது சீக்கிரம் வாங்க."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு ஒடெஸ்ஸாவின் குரல், நெகிழ்ந்துபோய்.

"வந்துட்டானா? கர்த்தருக்குத் தோத்திரம். எப்ப வந்தான்?"

"இப்பத்தான். கயித்தப் புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கிறான், மதினி."

"அவன் கயிறுதான புள்ள. கொஞ்சம் விட்டுக் குடு."

"விட்டுக் குடுக்கிறதா? என் நண்டப் பூராம் தின்னுட்டான்."

"பசியோட வந்திருப்பான், பாவம். கோவிச்சுக்காத. முகத்துல கோவம் இருக்கா, எப்படி?"

"வாயப் பொளந்துக்கிட்டு இருக்கான். வாலால அடிக்கிறான்."

இரைச்சல். யாரோ சிரிப்பது கேட்டது. கோபத்தில் வெர்டீன் புருஷனுக்கு வாலும் ஒட்டவைத்துப் பேசுகிறாள் என்று ஊர் எடுத்துக்கொண்டது. நடுவில் ஒரு ஆண் குரல் வந்தது, லீலண்டின் குரல்.

"யாரும் அங்க போகாதீங்கப்பா. புருஷன் பொண்டாட்டி பேசித் தீத்துக்கட்டும்."

அதுவும் அந்தத் தீவின் சட்டம். படகில் இருக்கும் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் யாரும் துடுப்பு நீட்டுவதில்லை. அந்தச் சட்டத்தை மீறி மூக்குடைபட்டவர்கள் அங்கே இருந்தார்கள்.

"டேய், இது நாலு கால் முதலடா," என்று வெர்டீன் கத்தினாள். அது யார் காதிலும் விழுவதற்குள் படகு மறுபடி உலுக்கப்பட்டு, ரேடியோப் பெட்டி ஆணியிலிருந்து கழன்று அடித்தளத்துத் தண்ணீரில் விழுந்தது. ஒருமுறை கொர்ரென்றது. பிறகு பேசவில்லை.

அவள் கரையைப் பார்த்தாள். புல்லுக்கு மேலே சர்ச்சின் கூரை தெரிந்தது. யாரும் வரப்போவதில்லை.

இடுப்பில் சிப்பிக் கத்தி இருந்தது. முளைக்குப் பக்கத்தில் ஒரு வெட்டு, முடிந்தது கதை. முதலை போய்விடும், படகு நிமிரும், அடுத்த ஏற்றத்தில் தண்ணீர் உயர்ந்ததும் துடுப்புப் போட்டே வீடு போய்ச் சேரலாம். தாய்க்கயிறும் போகும், அதில் கோத்த கூண்டு அத்தனையும் ஆழத்துக்குப் போகும். அவளே கட்டிய மாலை. தனித்தனியே விட்டிருந்தால் ஒன்றோடு போயிருக்கும்.

கத்தியை எடுத்தாள். சலவைக்கூடத்து ஜன்னல் நினைவுக்கு வந்தது. கத்தியை வாயில் கவ்விக்கொண்டு, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கமாக இழுக்கத் தொடங்கினாள்.

வெட்ட வேண்டியது தாய்க்கயிறு அல்ல, அந்த ஒரு கூண்டின் குட்டிக்கயிறு. அதன் முடிச்சு முதலையின் தாடையிலிருந்து ஒரு கை தூரத்தில் இருந்தது. எட்ட வேண்டுமானால் முதலை பக்கத்தில் வர வேண்டும். அது இழுக்கும்போது அவள் தளர்த்தவில்லை, முளையில் சுற்றிப் பிடித்தாள். அது ஓயும்போது ஒரு முழம் இழுத்தாள். மறுபடி பிடித்தாள். காய்த்த கை மறுபடி கிழிந்தது. தண்ணீர் இறங்க இறங்கச் சிப்பித் திட்டு வெளியே வந்தது, முதலைக்குச் சுழல ஆழம் இல்லாமல் போயிற்று. அது மூச்சுவிடும் சத்தம் அடுப்பு ஊதுவது போலக் கேட்டது.

"வா," என்றாள் கத்தியைக் கவ்விய பல்லுக்கிடையில். "வந்து தொலை."

படகின் மூக்கில் குப்புறப் படுத்தாள். முகத்துக்கு நேரே அந்தக் கண் இருந்தது. மஞ்சளாக, நடுவில் ஒரு கீற்றோடு, அவளைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லாமல். கையைத் தண்ணீருக்குள் விட்டு முடிச்சைத் தடவிப் பிடித்தாள். கத்தி அறுத்தது. நனைந்த கயிறு சீக்கிரம் அறுபடாது. மூன்றாவது இழைக்கு வந்தபோது முதலை தலையைத் திருப்பியது, அதன் பல் ஒன்று கயிற்றில் சிக்கி முறிந்தது, கூண்டின் மூலை அவள் புருவத்தைக் கிழித்தது. அவள் கையை எடுக்கவில்லை. கடைசி இழை போயிற்று.

முதலை கூண்டைத் தாடையில் மாட்டிக்கொண்டே பின்வாங்கி, ஆழத்துக்குச் சரிந்து, போய்விட்டது. தாய்க்கயிறு தளர்ந்து அவள் நெஞ்சோடு கிடந்தது. இழுத்துப் பார்த்தாள். கனத்தது. எல்லாம் இருந்தன.

ஏற்றம் வரும்வரை உட்கார்ந்து சுழலியிலிருந்து கயிற்றைப் பிரித்தெடுத்தாள். அதையும் வெட்டவில்லை.

அவள் துறைக்குத் திரும்பியபோது ஒடெஸ்ஸா ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு காத்திருந்தாள். அவள் வீட்டு மேசையில் தக்காளிச் சோறும் பொரித்த மடவை மீனும் மூடிவைத்திருந்தது. லீலண்ட் முகச்சவரம் செய்து சட்டை மாற்றியிருந்தான்.

"எங்க அவன்?" என்றாள் ஒடெஸ்ஸா, படகுக்குள் எட்டிப் பார்த்து.

"கூண்ட எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

"உன்ன அடிச்சானா?" புருவத்து ரத்தத்தைப் பார்த்து ஒடெஸ்ஸாவின் குரல் மாறியது. "என் தம்பியா இருந்தாலும் கேக்காம விடமாட்டேன்."

வெர்டீன் முளையில் கிடந்த குட்டிக்கயிற்று மிச்சத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். அதில் ஒரு பல் சிக்கியிருந்தது. ஒடெஸ்ஸா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஐசமின் பல் இல்லை என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் துறைப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் உன்ன விட்டுக் குடுக்கச் சொன்னேனே, புள்ள."

"சொன்னீங்க. சாப்பாடு ஆறிடும், எந்திரிங்க."

ஐசமுக்கு ஆக்கிய சோற்றை வெர்டீன்தான் சாப்பிட்டாள், ஒரு வாய் மிச்சமில்லாமல். லீலண்ட் எதிரில் உட்கார்ந்து, அவள் கரண்டியைப் பிடிக்கிற கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

முதல் பனி நவம்பரில் விழுந்தது. அன்று காலையில் லீலண்ட் தன் படகில் கழிமுகத்துக்குப் போய், மிதவைகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். துறையில் நாலு பேர் காதுபடச் சொன்னான்.

"பாதிக்கு மேலயே இருக்கு. மதினி, மிதவைக்கு ஆளுக்கொரு சாயம்ல, உங்களுது என்ன? அண்ணன் சிவப்பு இனி ஆகாதுல்ல."

"மஞ்சள்," என்றாள் அவள். "நடுவுல கறுப்புப் பட்டை."

அவனே ஒரு டப்பா மஞ்சள் வாங்கிவந்து வைத்தான். மறு வசந்தத்தில் அவனும் கூண்டுகளைத் தாய்க்கயிற்றில் கோத்தான். அதன் பெயர் இன்றைக்கும் அங்கே வெர்டீன் மாலைதான்.

அவள் அதன்பிறகு வருஷக்கணக்காக அந்தக் கழியில் ஓடினாள். இரண்டு படகு தேய்ந்து மூன்றாவது வாங்கினாள். வியாபாரி ஐசம் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டார். உப்பங்கழியில் முதலை பார்ப்பது செய்தியாக இல்லாமல் போயிற்று. மழைக்குப் பிறகு கழிமுகத்தில் கண்கள் தெரிந்தால் அவள் இயந்திரத்தை நிறுத்தி, அது கடக்கும்வரை காத்திருப்பாள். ஐசம் வரவில்லை. விருந்தாளியாகவும் வரவில்லை. அவளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஒடெஸ்ஸாவின் அடக்கத்துக்கு அவன் பேரில் ஒரு பூவளையம் வந்தது, அவ்வளவுதான்.

டெலிபோன் வந்து, அதில் குரலைப் பதித்துவைக்கும் பெட்டியும் வந்து, வெர்டீனின் முடி முழுக்க நரைத்த பிறகு, ஒரு மத்தியானம் அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே வீட்டுக்குள் வந்தபோது அந்தப் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுங்கிற்று. பொத்தானை அழுத்தினாள். முதலில் இருமல் வந்தது.

"வெர்டீன், நான்தான். ஐசம். இங்க பக்கத்து வீட்டுல ஒருத்தன், தூண்டில் போடுறவன். உப்புத் தண்ணியில முதல எங்கயாவது வருமாங்கிறான். வரும்டா, எங்க அக்கா அப்பவே எழுதியிருந்தா, எம் பொண்டாட்டி ஒண்ணோட ஒண்டியா மல்லுக்கட்டுனா, கயித்த விடலன்னு சொன்னேன். நம்பமாட்டேங்கிறான். இன்னைக்கு மூணாம் தடவையா சொல்லிப் பார்த்துட்டேன். நீ ஒரு வார்த்த அவங்கிட்ட சொல்லணும். இப்ப இல்ல, இப்ப நீ கழியில இருப்ப. தண்ணி திரும்பட்டும். கூண்டெல்லாம் தூக்கி முடிச்சுட்டு மெதுவா கூப்புடு."